ஆர்: பாலிகானுக்குள் சாய்கோடு போட்டால் பின்னணி நிறம் போய்விடுகிறது

கேள்வி:
வணக்கம். ஆர் (R) நிரல்மொழியில் ஒரு முக்கோணமும் ஒரு வட்டமும் வரைய வேண்டும். அறிக்கையைச் சிலர் கருப்பு வெள்ளையில் அச்செடுப்பார்கள், அதனால் இளமஞ்சள் பின்னணியின் மேல் கருப்புச் சாய்கோடுகள் தேவை. பலகோண வடிவம் வரையும் பாலிகான் (polygon) ஃபங்ஷனில் டென்சிட்டி (கோடுகளின் அடர்த்தி) 20, ஆங்கிள் (கோடுகளின் சாய்வு) 45, கலர் மஞ்சள் என்று கொடுத்தேன். உள்ளே நிறமே நிரம்பவில்லை, கோடுகள்தான் மஞ்சளாக வருகின்றன. வட்டத்துக்கு சிம்பல்ஸ் (symbols) ஃபங்ஷனைப் பயன்படுத்தினேன். அதில் டென்சிட்டி எடுபடவே இல்லை.

பதில் 1:
டென்சிட்டி கொடுத்துவிட்டால் கலர் கோடுகளுக்குப் போய்விடும், பாலிகான் அப்படித்தான் வேலை செய்யும். ஒரே அழைப்பில் இரண்டும் கிடைக்காது. அதே புள்ளிகளை வைத்து இரண்டு முறை கூப்பிடுங்கள்: முதலில் டென்சிட்டி இல்லாமல் மஞ்சள், அதன் மேல் டென்சிட்டியோடு கருப்பு. குறுக்குக் கோடும் வேண்டுமென்றால் ஆங்கிள் 135 வைத்து மூன்றாவது அழைப்பு.

சிம்பல்ஸில் கோடு நிரப்பும் வசதி கிடையாது. வட்டத்தையும் பாலிகானாகவே வரையுங்கள்: 0 முதல் 2 பை வரை 200 கோணங்கள், எக்ஸுக்கு காஸ், ஒய்க்கு சைன். பிளாட்டைத் திறக்கும்போது ஏஎஸ்பி (asp, இரண்டு அச்சுகளின் அளவு விகிதம்) 1 என்று சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முட்டை வடிவமாகிவிடும்.

கேட்டவர்:
இரண்டும் அருமையாக வந்துவிட்டன, மிக்க நன்றி! ஆனால் 5 அங்குல பிடிஎஃப்பை 10 அங்குலமாக்கிச் சேமித்தால் கோடுகள் நெருக்கமாகத் தெரிகின்றனவே?

பதில் 1:
டென்சிட்டி என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை கோடு என்ற கணக்கு. படம் இரண்டு மடங்கானாலும் இடைவெளி மாறாது, வடிவத்துக்குள் கோடுகள்தான் கூடும். பழைய தோற்றமே வேண்டுமென்றால் 20ஐ 10 ஆக்குங்கள்.

பதில் 2:
ஜிஜிபிளாட் (ggplot2) என்ற வரைபட பேக்கேஜ் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அது கிரிட் (grid) என்ற வேறொரு வரைகலை அமைப்பின் மேல் கட்டப்பட்டது, இந்த டென்சிட்டி அங்கே செல்லாது. ஜிஜிபேட்டர்ன் என்ற பேக்கேஜ் இருக்கிறது, அதன் ஜியோம் பாலிகான் பேட்டர்ன் ஃபங்ஷனில் ஸ்ட்ரைப் (வரிக்கோடு), கிராஸ்ஹேட்ச் (குறுக்குக்கோடு) எல்லாம் உண்டு. ஆனால் அதன் பேட்டர்ன் டென்சிட்டி 0 முதல் 1 வரையிலான பின்னம். 20 என்று போட்டுவிடாதீர்கள்! கிரிட்டிலேயே நேரடியாக பேட்டர்ன் நிரப்பும் வசதி ஆர் 4.1.0 பதிப்பில் வந்தது, ஆனால் எல்லா டிவைஸிலும் (படத்தை வெளியிடும் முறைகள்) வேலை செய்யாது. பிடிஎஃப்பும் கெய்ரோவும் நம்பகமானவை.

உங்கள் இரண்டு வடிவங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, பாலிகானே போதும். அப்புறம், லெஜண்ட் ஃபங்ஷனும் டென்சிட்டி, ஆங்கிள் இரண்டையும் ஏற்கும். விளக்கப்பெட்டியிலும் அதே கோடுகளைப் போட்டுவிடுங்கள்.