புதுப்பிப்பு: முதுகில் குழலுள்ள சீனச் சிங்கம்

போன பதிவில் சீனாவின் மேற்கு ஜின் அரசமரபுக் காலத்து (265–316) பச்சைமெருகுச் சுடுமண் சிங்கங்களைக் காட்டியிருந்தேன். முதுகிலுள்ள குழல் மெழுகுவர்த்திக்குத்தானா என்று பலர் கேட்டீர்கள். அவசியமான கேள்வி.

அந்தக் குழல் உள்ளீடற்ற வயிற்றுக்குள் திறக்கிறது. அதனால் மை அரைக்கும் கல்லில் நீர் சொட்டவிடும் பாத்திரம் என்போரும் உண்டு. என் மனம் விளக்கின் பக்கமே சாய்கிறது. காரணம், நான்ஜிங் நகரின் சிங்லியாங் மலை. 1958இல் அங்கே, மூன்றாம் நூற்றாண்டில் தென்சீனாவை ஆண்ட வூ அரசின் காலக் கல்லறை ஒன்றில் பச்சைமெருகு ஆடு கிடைத்தது. தலையில் வட்டத் துளை. கூடவே ஒரு கரடி விளக்கு! குந்தியிருக்கும் கரடி, இரு கைகளாலும் தலையைப் பிடித்தபடி உச்சியில் விளக்குத் தட்டைச் சுமக்கிறது. அடியில் 'கான்லு முதலாண்டு ஐந்தாம் மாதம் செய்தது' என்ற பொறிப்பு. கான்லு என்பது வூ அரசரின் ஆட்சிக் காலப் பெயர்; அதன் முதலாண்டு 265. விலங்கின் மேல் சுடரை ஏற்றுவது அந்தக் குயவர்களுக்குப் பழகிய எண்ணம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சிங்கத்தின் வழக்கு இன்னும் முடியவில்லை.

தேஹுவா என்ற சீன ஊரின் வெள்ளைப் பீங்கான் சிங்கங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அவை பல நூற்றாண்டு பிந்தியவை. பக்கத்திலுள்ள ஒல்லிக் குழல் ஊதுபத்திக்கானது.