மறுமொழி: பள்ளிக்கூட நிதி - தோட்டத்துக் கிணற்றடியில் மண் கொட்டியது யார்?

அன்புள்ள உறவுகளுக்கு,

எங்கட ஊர்ப் பள்ளிக்கூட நிதிக்குக் குடும்பத்துக்கு 500 டொலர் தரச்சொல்லி ஆலடி அண்ணை எழுதிய மடல் கிடைத்தது. நிதிக் கணக்குப் பற்றி லண்டன் மச்சான் கேட்டதற்கு அவரே பதில் சொல்லட்டும். நான் கதைக்க வந்தது வேறு. எங்கட பள்ளிக்கூடத்தைச் சிட்னியில் இருக்கிற ஜேம்ஸ் ரூஸ் பள்ளி மாதிரி ஆக்கவேணும், ஆறாம் வகுப்புக்கு நுழைவுப் பரீட்சை வைக்கவேணும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

என் மூத்தவன் அந்த ஜேம்ஸ் ரூஸில்தான் படித்தான். ஆறு வருடம் கார்லிங்போர்டுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தவள் நான்.

அது 1959இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கினது. பெயரே ஒரு கமக்காரனுடையது. 1788இல் கைதியாகக் கப்பலில் அவுஸ்திரேலியாவுக்கு வந்து, சிட்னியின் பரமட்டாப் பக்கம் நிலத்தைக் கொத்திப் பயிர் எடுத்துக் காட்டி, 1791இல் 30 ஏக்கர் காணி பெற்றவர் ஜேம்ஸ் ரூஸ். முதலில் பெடியன்கள் மட்டும்தான், பெண்பிள்ளைகளை 1977இல்தான் சேர்த்தார்கள். பத்திரிகைகள் போடும் எச்.எஸ்.சி. (12ஆம் வகுப்பு இறுதிப் பரீட்சை) வரிசையில் 1996இலிருந்து 2022 வரை அதுதான் முதலிடம். 2023இல் நோர்த் சிட்னி போய்ஸ் பள்ளி முந்திவிட்டது. ஆனால் முதலிடத்தில் இருந்த காலத்திலும் 7ஆம் வகுப்பிலிருந்து 10 வரை எல்லாரும் விவசாயம் படித்தே ஆகவேணும். மழைக்காலத்தில் என் காரின் கால்மிதி முழுக்கச் சேறு. ஒருநாள் தான் நட்ட சலாதுக் கன்று ஒன்றை வேரோடு பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தான். அப்பா அதை வாங்கி, வேரிலிருந்த மண்ணை மணந்து பார்த்துக்கொண்டே கனநேரம் இருந்தார். வெங்காயத் தறையை விட்டு வந்த மனுசன்.

சின்ன மாமியின் மருமகன் மாசியில் ஊருக்குப் போய் எடுத்த படத்தை எல்லாரும் பார்த்தீர்கள்தானே? பள்ளிக்கூடத் தோட்டத்துக் கிணற்றடியில் கல்லும் மண்ணும் குவிந்து கிடக்கிறது. இன்னும் காசே சேரவில்லை, அதற்குள் யார் கொண்டுவந்து கொட்டினது?

சரி, நுழைவுப் பரீட்சைக்கு வருகிறேன். ரூஸுக்கு மாநிலம் முழுக்கப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள்தான் போகிறார்கள். அவர்களின் பெறுபேற்றில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, பொறுக்கினதால் வந்தது எவ்வளவு? அங்கேயே 2023 சேர்க்கையிலிருந்து அரசாங்கம் 20 சதவீதம் வரையான இடங்களை வசதி குறைந்த பிள்ளைகள், பூர்வகுடிப் பிள்ளைகள், நாட்டுப்புறப் பிள்ளைகள் போன்றோருக்கு ஒதுக்கி வைக்கிறது. எங்கட பள்ளிக்கூடத்தின் கதை வேறு. இலங்கையில் 5ஆம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகள் பட்டணத்துப் பெரிய பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். மிஞ்சின பிள்ளைகளுக்குத்தான் ஊர்ப் பள்ளிக்கூடம். அவர்களையும் ஒரு சோதனை வைத்து வாசலில் மறித்தால் எங்கே போவார்கள்?

பெரியண்ணை, ஊர் மானம் என்று எழுதுகிறீர்கள். புலமைப்பரிசிலில் தவறி, இனிப் படிப்பு வராது என்று அடுப்படியில் இருத்தப்பட்ட பிள்ளை நான். அது உங்களுக்கும் தெரியும், அண்டைக்கு நீங்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றடி ரீச்சர்தான் வீடு தேடி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆறாம் வகுப்பில் இருத்தினவ. அந்தத் தோட்டத்துக் கத்தரிக்காயை விற்றுத்தான் எனக்குக் கொப்பி வாங்கித் தந்தவ.

நான் 500 இல்லை, 1000 தருகிறேன். கணித ஆசிரியருக்கும் பின்நேர வகுப்புக்கும் கிணறு இறைத்துத் துப்பரவாக்கவும் என்று ரசீதில் எழுதித் தாருங்கோ. கட்டடம் வேணுமென்றால் கிணற்றடியை விட்டுவிட்டு வடக்கு மதில் பக்கம் கட்டலாம். அந்தப் பக்கத்து எல்லை வழக்கு முடிந்தது ஆலடி அண்ணைக்குத் தெரியாததல்ல.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னம், மண் கொட்டினது யார், ஆர் சொல்லிக் கொட்டினது என்று இந்தக் குழுவிலேயே எழுதிவிடுங்கோ.

அன்புடன்,
சிட்னி தங்கச்சி