பாலாத்து ஊர்ல இருந்து லடாக் போனவங்க: மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷத்தைச் சொல்லுங்க

பள்ளிகொண்டா முன்னாள் சிப்பாய்
லடாக்ல லே ஊர்ப் பக்கம் இருந்தவங்களுக்கு ஸ்டாக் கிராமத்து ஓடை தெரிஞ்சிருக்கும். ஜூலை மாசம், காலையில ஏழு மணிக்கு அதைத் தாண்டிப் போறேன், கணுக்கால் அளவுதான் தண்ணி. சாயங்காலம் திரும்பி வந்தா தொடை வரைக்கும் இழுக்குது. அண்ணாந்து பார்த்தா பொட்டு மேகம் இல்ல. கரையிலயே நின்னுட்டேன்.

பக்கத்துல ஒரு பெரியவர் மண்வெட்டியோட பார்லி வயலுக்குத் தண்ணி திருப்பிட்டு இருந்தார். நம்ம ஊர் நீர்க்கட்டி மாதிரி அங்க சுர்பொன். யார் வயலுக்கு எப்போ தண்ணின்னு முறை வைக்கிறவர். "மழை இல்ல தம்பி. காலையில வெயில் பட்டு உருகின பனி இப்பதான் கீழ வந்து சேருது, ராத்திரி அடங்கிடும்"னு இந்தியில சொன்னார். அப்புறம் கேட்டார்: "உங்க ஊர் ஆத்துல தண்ணி எத்தனை மணிக்கு வரும்?"

எனக்கு வாயே வரல. எங்கம்மா பாலாத்து மணல்ல ஊத்து தோண்டி, கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு குடம் நிரப்பினவங்க. எங்க ஆத்துக்கு மணிக்கணக்கு கிடையாது, வருஷக்கணக்குதான்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? "வரும்"னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். பொய் சொல்லிட்ட மாதிரி இன்னும் உறுத்துது.

ஆரணி மருமகள்
எனக்கு அரிசிதான். வீட்டுக்காரருக்கு லேயில போஸ்டிங், குவார்ட்டர்ஸ் கிடைச்சதும் ஊர்ல இருந்து ஆரணி அரிசி பத்து கிலோ தூக்கிட்டுப் போனேன். முதல் நாள் ராத்திரி அவர் கூட வேலை பார்க்கிறவங்க ரெண்டு பேர் சாப்பிட வந்தாங்க. பானையில உலை தளதளன்னு கொதிக்குது, மூடி ஆடுது, முக்கால் மணி நேரம் ஆச்சு. எடுத்து நசுக்கிப் பார்த்தா உள்ள கல்லு மாதிரி நடு அரிசி. கொதிக்குது, ஆனா வேகல! அழுகையே வந்துடுச்சு. 3,500 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் குறைவு, தண்ணி 88 டிகிரியிலயே கொதிச்சிடும், அந்தச் சூடு பத்தாதுன்னு வந்தவர் சொல்லித்தான் தெரிஞ்சுது. மறுநாளே குக்கர் வாங்கினோம். ஆனா அந்த ராத்திரி அவங்க ஒரு வார்த்தை சொல்லாம அந்தச் சோத்தை மென்னு சாப்பிட்டாங்க பாருங்க, அது இன்னும் கண்ணுலயே நிக்குது.

வாணியம்பாடி
பள்ளிகொண்டா அண்ணே, கோச்சுக்காதீங்க. பாலாறு செத்துப்போன ஆறு மாதிரி எழுதுறதை என்னால ஏத்துக்க முடியல. வேலூர்னாலே தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு நம்மளை நாமே சொல்லிச் சொல்லிப் பழகிட்டோம். 1981ல ஜலகண்டேஸ்வரர் திரும்ப வேலூர் கோட்டைக் கோயிலுக்கு வந்துட்டாரே, அந்தச் சொல் பொய்யாயிடுச்சு இல்ல?

லேயில வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. பருவமழை மேகத்தை இமயமலை தடுத்துடுது. நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் சேர்ந்து ஏறக்குறைய 1,000 வரைக்கும் பெய்யுது. பத்து மடங்கு! அப்போ குறை வானத்துல இல்ல. அவங்க தண்ணியைப் பனி மலை மேல பிடிச்சு வெச்சுக்கிட்டு கோடையில கொஞ்சம் கொஞ்சமா கொடுக்குது. நமக்கு அந்த வேலையைச் செஞ்சது ஆத்து மணலும் ஏரியும். காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்துல இருந்து பாலாத்துத் தண்ணியைத் தேக்குது. மணலை அள்ளிட்டோம், ஏரிக் கால்வாயை அடைச்சிட்டோம், எங்க பக்கம் தோல் கழிவையும் விட்டோம். 1996லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன விஷயம் இது. ஆத்தைக் குத்தம் சொல்லாதீங்க. 1903ல இந்த ஆறு எங்க ஊருக்குள்ளயே பூந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோச்சு. 2021 நவம்பர்லயும் ரெண்டு கரை தொட்டு வந்துச்சு.

(நான் லடாக் போனதில்ல. படிச்சதுதான்.)

வேலூர் லாட்ஜ் மேனேஜர்
என் கதை தலைகீழ். லடாக்ல இருந்து இங்க வந்த ஒருத்தர். மகனுக்கு சி.எம்.சி.யில வைத்தியம், வந்தது கத்திரி வெயில்ல. ராத்திரி பதினோரு மணிக்கு ரூம்ல இருந்து பெல். போனா அந்த அப்பா சுவத்துல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு நிக்கிறார். "இந்தப் பக்கம் அடுப்பு இருக்கா?"ன்னு கேட்டார். இல்லைங்க, பகல் வெயில்தான்னேன். நம்பல. வெளிய கூட்டிப்போய் அந்தச் சுவத்தோட மறுபக்கத்தைக் காட்டினேன், வெறும் சந்து. அவங்க ஊர்ல வெயில் தோலை எரிக்குமாம், நிழலுக்கு வந்த நொடியில குளிருமாம், காத்து அவ்வளவு லேசு. பொழுது இறங்கினா சூடு நிக்காது. நமக்குச் சுத்தியும் கருங்கல் மலை, பகலெல்லாம் குடிச்ச வெயிலை ராத்திரியில திருப்பிக் கக்குது. வெயிலூர்னு சும்மாவா சொல்றாங்க? அவருக்கு மொட்டை மாடியில தண்ணி தெளிச்சுப் பாய் போட்டுக் கொடுத்தேன். மகன் தூங்கினதும் மறுபடி கீழ வந்து அதே சுவத்தைத் தொட்டுப் பார்த்துட்டுப் போனார்.

குடியாத்தம் டிராவலர்
நான் லேயில இறங்கின அன்னிக்கே கர்துங்லா கணவாய் ஏறி வாந்தி எடுத்து மயங்கி விழுந்தேன். அதனால சொல்றேன். வேலூர் கடல் மட்டத்துல இருந்து 200 மீட்டர் சொச்சம்தான். டெல்லியில பிளைட் ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள 3,500ல இறக்கி விட்டுடுவாங்க. அங்க மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் நம்ம ஊர்ல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான். ரெண்டு நாள் முழுசா படுத்து ரெஸ்ட் எடுங்க. நடக்கும்போது பேசாதீங்க, மாடி ஏறினா நின்னு நின்னு ஏறுங்க. தாகம் தெரியாது, இருந்தாலும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. குடிப்பழக்கம் உள்ளவங்க அந்த நாள்கள்ல தொடவே கூடாது. தலைவலி விடாம ஏறிக்கிட்டே போனா மாத்திரை போட்டுக்கிட்டு மேல போகாதீங்க, கீழ இறங்குங்க. கர்துங்லா 5,300 மீட்டருக்கு மேல, அது மூணாம் நாளுக்கு அப்புறம். சொந்தமா கார்ல போறவங்க ஸ்ரீநகர் வழியா போங்க, உடம்பு மெதுவா பழகும். சுகர், இதயப் பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்காம கிளம்பவே கிளம்பாதீங்க.

ஆரணி மருமகள்
தம்பி, இங்க யாரும் டூர் கேட்கல. இருந்தாலும் அந்த தலைவலி விஷயம் உண்மை, எல்லாரும் படிக்கட்டும்.

பள்ளிகொண்டா முன்னாள் சிப்பாய்
வாணியம்பாடி தம்பி, நீ சொன்ன 2021 நவம்பர்ல நான் எங்க ஊர்ப் பாலத்துமேலதான் நின்னேன். செந்தண்ணி, மரமெல்லாம் வேரோட மிதந்து வருது. பக்கத்துல நின்னவங்க எல்லாம் செல்போன்ல படம் பிடிச்சாங்க. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். காலை 6:40.

ஸ்டாக் பக்கம் யாராவது போனா அந்தப் பெரியவரை விசாரிங்க. பேர் கேட்டு வெச்சுக்கல. ஊருக்குள்ள போற பாதையில ஓடையோட இடது கரை, வயல் ஓரமா வில்லோ மரம் வரிசையா நிக்கும். இருந்தார்னா இந்த நேரத்தை மட்டும் சொல்லிடுங்க.