ஓவன் சூடேறிய பிறகு மட்டும் 'எஃப் 3' காட்டுகிறது: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் 8 ஆண்டுகளாக உழைத்துவரும், அலமாரிக்குள் பொருத்தப்பட்ட மின்சார ஓவன், சில வாரங்களாக 'எஃப் 3' என்ற பிழைக் குறியீட்டைக் காட்டிப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. குளிர்ந்த நிலையில் இயக்கினால் ஒரு குறையும் இல்லை. 200 டிகிரி செல்சியஸில் வைத்து ஏறக்குறைய 20 நிமிடம் கடந்ததும் பீப் ஒலியுடன் குறியீடு தோன்றுகிறது. எம்சிபியை (ஓவனுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சை) அணைத்து 5 நிமிடம் கழித்துப் போட்டால் சில வேளை மறைகிறது. மறுபடி சூடேறியதும் வந்துவிடுகிறது. உடன் வந்த கையேட்டில் 'சேவை மையத்தை அணுகவும்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பார்க்க வந்த டெக்னீஷியன் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், ஓவனைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டு போய்விட்டது என்றும், அதை மாற்றும் செலவுக்குப் புதிய ஓவனே வாங்கிவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் மல்டிமீட்டர் உள்ளது, ஓம் அளக்கத் தெரியும். போர்டுதான் பழுது என்பதை உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

மறுமொழி 1

போர்டைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிழைக் குறியீடு என்பது போர்டு எதைக் கண்டது என்பதைச் சொல்கிறதே தவிர, எந்தப் பாகம் பழுதானது என்பதைச் சொல்வதில்லை. பல தயாரிப்புகளில் 'எஃப் 3' என்றால் வெப்பநிலை சென்சாரின் சுற்று அறுந்திருக்கிறது என்றும், 'எஃப் 4' என்றால் அதே சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது என்றும் பொருள். ஆனால் இதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'எஃப் 3' இன்னொரு நிறுவனத்தில் முற்றிலும் வேறாக இருக்கும். ஆகவே கதவைத் திறந்ததும் சட்டத்தின் ஓரத்தில் தெரியும் தகட்டிலுள்ள மாடல் எண்ணை முழுமையாகக் குறித்துக்கொண்டு, அந்த மாடலுக்கான சர்வீஸ் தாளைத் தேடுங்கள். சில ஓவன்களில் அந்தத் தாளை மடித்துக் கட்டுப்பாட்டுப் பலகத்தின் பின்புறமே செருகி வைத்திருப்பார்கள்.

சென்சார் சுற்றுதான் என்று உறுதியானால் அளப்பது எளிது. இவ்வகை ஓவன்களில் பெரும்பாலும் 0 டிகிரியில் 1000 ஓம் மின்தடை கொண்ட பிளாட்டினம் சென்சார் இருக்கும். சூடு ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் அதன் மின்தடை ஏறத்தாழ 3.8 ஓம் கூடும். 25 டிகிரி அறை வெப்பத்தில் 1100 ஓமை ஒட்டியும், 200 டிகிரியில் 1750 ஓமை ஒட்டியும் காட்ட வேண்டும். சில தயாரிப்புகளில் 500 ஓம் வகையும் உண்டு என்பதால் சர்வீஸ் தாளிலுள்ள எண்ணையே நம்புங்கள். அளக்கும் முன் எம்சிபியை அணைத்துவிட்டு, மின்சாரம் வரவில்லை என்பதை மீட்டரால் சரிபார்த்த பிறகே மூடியைத் தொடுங்கள். சென்சார் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மாட்டியபடி அளந்தால் போர்டின் மின்தடையும் சேர்ந்து உங்களைக் குழப்பும்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். குறியீடு சூட்டில் மட்டும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். குளிர்ந்த ஓவனில் அளந்து 1100 ஓம் வந்ததும், 'சென்சார் நன்றாக இருக்கிறது, ஆகவே போர்டுதான்' என்று முடிவுகட்டிப் போர்டை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் உலோகம் விரியும்போது தளர்ந்த இணைப்பு விலகிக்கொள்ளும், ஆறியதும் தானாகவே கூடிக்கொள்ளும். ஆகையால் குறியீடு தோன்றிய அந்த நேரத்திலேயே எம்சிபியை அணைத்துவிட்டு, முதலில் போர்டின் பக்கத்திலும், பிறகு சென்சாரின் வாலிலும் (சென்சாரிலிருந்து நேரடியாக வரும் கம்பியின் முனையிலும்) அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் இடையிலுள்ள கம்பி நல்லது. ஒத்துப்போகாவிட்டால் பழுது அந்த இடைவெளியில் இருக்கிறது. தகடுகள் சுட்டெரிக்கும், தடித்த கையுறை இல்லாமல் இறங்காதீர்கள்.

ஒரு கேள்வி: குறியீடு வரத் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே, வழக்கமான நேரத்தில் பண்டங்கள் சரியாக வேகாமல் இருந்தனவா?

மறுமொழி 3

எல்லா எஃப் குறியீடுகளையும் இப்படி நிதானமாக ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அளவுக்கு மீறிய சூடு என்று பொருள்படும் குறியீடு வந்தால், அணைத்துப் போட்டுச் சோதிக்கும் வேலையே வேண்டாம். போர்டிலுள்ள ரிலேயின் (ஹீட்டருக்கு மின்சாரத்தை விடும் ஸ்விட்சின்) தொடுமுனைகள் தீப்பொறியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், நீங்கள் பட்டனில் ஓவனை நிறுத்தினாலும் ஹீட்டருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அப்போது எம்சிபியை அணைப்பது ஒன்றே வழி. அதேபோல் மைக்ரோவேவும் சேர்ந்த ஓவனாக இருந்தால் மூடியைக் கழற்றவே கூடாது. அதன் உயர் மின்னழுத்த கெபாசிட்டரில் இணைப்பைத் துண்டித்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

மற்றபடி கீபேட் பிழைகள் பெரும்பாலும் நீராவி உள்ளே புகுந்து ஏதோ ஒரு பட்டன் அழுத்தியபடியே இருப்பதால் வருபவை. கதவுப் பூட்டுப் பிழை பெரும்பாலும் ஓவன் தன்னைத்தானே 450 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் வசதியைப் பயன்படுத்திய பின்பு தலைகாட்டும். திரையில் குழந்தைப் பூட்டின் 'லாக்' எழுத்துகளைப் பார்த்துப் பிழை என்று எண்ணி, ஒரு மாலை முழுவதும் நான் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்த கதை தனி.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. மாடல் எண்ணைக் கொண்டு சர்வீஸ் தாளைத் தேடிப் பிடித்தேன். என் ஓவனில் 'எஃப் 3' என்பது சென்சார் சுற்று அறுந்ததையே குறிக்கிறது, சென்சாரும் 1000 ஓம் வகைதான். ஓவனை அலமாரியிலிருந்து இழுத்து வெளியே வைத்துக் குளிர்ந்த நிலையில் போர்டின் பக்கம் அளந்தபோது 1150 ஓம் வந்தது. வீட்டின் வெப்பம் 28 டிகிரி. கணக்குப்படி 1109 வந்திருக்க வேண்டும். பிறகு சூடாக்கி, குறியீடு தோன்றியதும் எம்சிபியை அணைத்து அளந்தேன். போர்டின் பக்கத்தில் மீட்டர் எந்த எண்ணையும் காட்டவில்லை, சுற்று முழுமையாக அறுந்திருந்தது. சென்சாரின் வாலிலோ 1640 என்று காட்டி, ஓவன் ஆற ஆற ஒவ்வொரு எண்ணாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே, ஓவனின் முதுகுத் தகட்டை ஒட்டியிருந்த கனெக்டரில் ஒரு பின் (உலோக முள்) கருகி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்கும் நிலையில் இருந்தது.

ஆம், இரண்டு மாதங்களாக எல்லாமே 10 நிமிடம் கூடுதலாக வைத்தால்தான் வேகிறது. ஓவனுக்கு வயதாகிவிட்டது என்று எண்ணியிருந்தோம். கனெக்டரை வெட்டிவிட்டுக் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடலாமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

பற்றவைக்க வேண்டாம். சாதாரண ஈய-வெள்ளீயக் கலவை 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், ஈயம் கலவாத வகையும் 220 டிகிரியை ஒட்டித் தாக்குப்பிடிக்காது. பீங்கான் கனெக்டரோ, அதிக வெப்பம் தாங்கும் என்று குறிப்பிட்ட அழுத்து இணைப்போ போட்டு, மேலே கண்ணாடி இழை உறை மாட்டுங்கள். வழக்கமான பிவிசி கம்பியையும் இன்சுலேஷன் டேப்பையும் அந்த இடத்தில் பயன்படுத்தாதீர்கள்.

10 நிமிடக் கணக்குக்கும் கனெக்டரில் கருகியிருந்த அந்த முள்ளே காரணம். அது சேர்த்துவிட்ட 40 ஓமையும் போர்டு சூடாகவே எண்ணி, உள்ளே 190 டிகிரி இருக்கும்போதே 200 வந்துவிட்டதாகக் கருதி ஹீட்டரை நிறுத்தியிருக்கிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

பீங்கான் கனெக்டர் போட்டாயிற்று. இப்போது போர்டின் பக்கத்தில் 1108 ஓம் காட்டுகிறது. 200 டிகிரியில் 3 மணி நேரம் தொடர்ந்து ஓட்டியும் குறியீடு வரவில்லை. பழக்கதோஷத்தில் இன்றும் 10 நிமிடம் கூட்டி வைத்துவிட்டதால், முதல் தட்டு மட்டும் கருகிப்போயிற்று.