ஈரோடு – கோத்தகிரி – ஊட்டி: எஸ்எச் 15 (மாநில நெடுஞ்சாலை 15) முழுக்க ஒரே ரோடுதானா?

பவானிக்கரை:
போன வாரம் கோபியிலிருந்து கோத்தகிரிக்கு வண்டியில் போனேன். வழியெல்லாம் பச்சைத் தலை வைத்த மைல்கல், கோபி தாண்டியும் 15, மலை ஏறியும் அதே 15. இது மொத்தமும் ஒரே ரோடா? ஊட்டி என்றாலே எல்லாரும் குன்னூர் வழிதானே சொல்கிறார்கள், இந்தப் பக்கம் எப்போது ரோடு வந்தது?

மேட்டுப்பாளையத்தான்:
ஒரே ரோடுதாங்க. ஈரோடு, கவுந்தப்பாடி, கோபி, சத்தி, சிறுமுகை, மேட்டுப்பாளையம், அப்புறம் குஞ்சப்பனை வழியாக ஏறி கோத்தகிரி, கட்டபெட்டு, தொட்டபெட்டா சந்திப்பு, ஊட்டி. பச்சைத் தலை என்றால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. குன்னூர் ரோட்டில் மஞ்சள்தான் பார்ப்பீர்கள். வெள்ளைக்காரன் நீலகிரிக்குப் போட்ட முதல் ரோடே நீங்கள் போன இந்த மலைப்பாதைதான்.

பழையபாதை:
மேலே சொன்னது பாதி சரி. கோத்தகிரிப் பக்கம்தான் முதலில் ரோடு வந்தது, ஆனால் அது நீங்கள் ஏறிய குஞ்சப்பனைப் பாதை இல்லை. 1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் சிறுமுகைப் பக்கமிருந்து காட்டுக்குள் ஏறி, கோத்தகிரியை ஒட்டிய திம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். 1821இல் லெப்டினன்ட் மெக்பெர்சன் தலைமையில் பயனியர் படையை (ராணுவத்தில் பாதை வெட்டும் பிரிவு) விட்டுச் சிறுமுகையிலிருந்து அங்கே பாதை வெட்ட ஆரம்பித்து 1823இல் முடித்தார்கள். பத்து வருஷம்கூட அதுக்கு மவுசு நிற்கவில்லை. 1830களில் ராணுவ அதிகாரி லே ஹார்டி போட்ட குன்னூர் கணவாய்ப் பாதை வந்ததும் போக்குவரத்து அந்தப் பக்கம் சாய்ந்தது, 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலும் வந்ததும் கோத்தகிரி ஓரமாகிவிட்டது. இப்போதைய கோத்தகிரி மலைப்பாதை அதற்கெல்லாம் பிறகு, மேட்டுப்பாளையத்திலிருந்து வேறு தடத்தில் போட்டது. நீங்கள் சிறுமுகையில் டீ குடிக்க நிறுத்தியிருந்தால், பழைய பாதை மலையைப் பார்த்துத் திரும்பிய ஊரில்தான் நின்றிருக்கிறீர்கள், அதைச் சொல்ல அங்கே ஒரு பலகை வைத்தால் என்ன என்று எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

மேட்டுப்பாளையத்தான்:
சரிங்க, ஒத்துக்கிறேன். எங்க தாத்தா சொன்னதை அப்படியே சொல்லிட்டேன்.

கட்டபெட்டுக்காரன்:
ஓரமானாலும் சீசனில் இந்த ரோடு இல்லாமல் ஆகாது. மே மாதம் ஒருவழிப் பாதை ஆக்கினால் குன்னூர் வழி ஏறணும், கோத்தகிரி வழி இறங்கணும். இன்னொன்று, பலாப்பழ நேரத்தில் குஞ்சப்பனை வளைவுகளில் யானை நிற்கும். ஒருமுறை சாயங்காலம் எனக்கு முன்னால் போன பஸ் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது, என்னவென்று எட்டிப் பார்த்தால் ஒரு குட்டி ரோட்டு நடுவில் பலாச்சுளையை மிதித்து மிதித்துத் தின்றுகொண்டிருக்கிறது, தாய் ஓரத்தில். அரை மணி நேரம் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

பவானிக்கரை:
நான் டீ குடித்தது சிறுமுகையிலேதான்! அடுத்த முறை திம்பட்டிக்கும் போகணும். சல்லிவன் இருந்த வீடு ஏதாவது மிச்சம் இருக்கா?

பழையபாதை:
இருக்கு. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில், பெத்தகல் பங்களா. இடிந்து கிடந்ததைப் புதுப்பித்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள்.