தூர்வாரிய வாய்க்காலில் ஆகாயத்தாமரை மறுபடி அடைகிறது: எந்த வேலையை முதலில் எடுப்பது?

வாய்க்கால்கரை:
வணக்கம். நொய்யல் ஆற்று அணைக்கட்டிலிருந்து குளத்துக்குப் போகிற வாய்க்கால். ஊருக்குள் ஓடுவது 600 மீட்டர், அகலம் சராசரி 9 மீட்டர், கோடையில் முழங்கால் தண்ணீர். போன வருடம் தூர்வாரி, தென்கரையில் கல் பதித்து நடைபாதை போட்டாச்சு. வடகரை மண்கரை. இப்போது பரப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆகாயத்தாமரை. ஞாயிறுதோறும் 20, 25 பேர் வேலைக்கு வருகிறார்கள். நீர்வளத்துறை அனுமதி கையில் இருக்கிறது. யோசனையில் இருப்பவை: வடகரை முழுக்க மரக்கன்று, கொசுவுக்கு கம்பூசியா மீன், இரண்டு மிதக்கும் தீவு (சட்டத்தில் செடி நட்டு மிதக்க விடுவது), நடைபாதைக்கு விளக்கு. எதில் ஆரம்பிக்கலாம்?

மதகடி:
நாலையும் கொஞ்சம் தள்ளி வையுங்க. தொடர்ந்து மூணு நாள் மழை இல்லாத ஒரு காலையில் 600 மீட்டரையும் நடந்து, வாய்க்காலில் விழுகிற ஒவ்வொரு குழாயையும் ஓடையையும் எண் போட்டுப் படம் எடுங்க. மழையே இல்லாமல் தண்ணீர் விழுந்தால் அது சாக்கடை. ஆகாயத்தாமரைக்குச் சோறு போடுவது அதுதான். சத்து கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் பரப்பு இரட்டிப்பாகும். அந்தப் பட்டியலோடு நகராட்சிக்குப் போங்க, வெறும் "சாக்கடை கலக்குது" மனு எங்கேயும் நகராது.

அகற்றும் வேலைக்கு முன்னால் எடையைப் பாருங்க. 5,400 சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு 1,800. அடர்ந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 25 கிலோ வைத்தால் 45 டன். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், அதனால் எடுத்த உடனே டிப்பரில் ஏற்றினால் தண்ணீரைச் சுமக்கத்தான் வாடகை. கரைக்கு மேலே, வெள்ளம் எட்டாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வடிய விட்டு, ஒரு தடவை புரட்டிப் போடுங்க. வேருக்குள் இருக்கிற ஆமைக்குட்டியைப் பொறுக்கித் தண்ணீரில் விட அப்போதுதான் நேரம் கிடைக்கும். சரிவிலேயே குவித்தால் முதல் மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே. சாணியோடு அடுக்கி மட்க வைக்கலாம். ஆனால் தண்ணீர் வரும் வழியில் சாயப்பட்டறையோ முலாம் பூசும் பட்டறையோ இருந்தால் அந்த உரம் காய்கறிக்கு வேண்டாம், இந்தச் செடி கன உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

எடுத்தது திரும்பப் பரவாமல் இருக்க மேல்முனையில் மிதவைத் தடுப்பு கட்டுங்க. 12 மி.மீ. கயிறு, 90 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு மீட்டர் துண்டுகள், இரண்டு வாயிலும் மூடி ஒட்டி வரிசையாகக் கட்டணும். கீழே 30 செ.மீ. ஆழத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் வேலி வலை. மீன்வலை கட்டாதீங்க, தண்ணிப்பாம்பும் முக்குளிப்பானும் சிக்கிச் சாகும். ஓட்டத்துக்கு நேர் குறுக்கே கட்டினால் தாமரை நடுவில் குவிந்து கயிறு அறும். 45 டிகிரி சாய்த்துக் கட்டினால் தானே ஒரு கரைக்கு ஒதுங்கும், அங்கே நின்று வாரிக்கொள்ளலாம். 9 மீட்டர் அகலத்துக்கு முடிச்சு, தொய்வு எல்லாம் சேர்த்து 15 மீட்டர் வேணும். தடுப்பின் கீழ்முனையை மட்டும் மெல்லிய சணல் கயிற்றால் கட்டுங்க. வெள்ளம் வந்தால் அது அறுந்து, தடுப்பு எதிர்க்கரையோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டு முனையும் கெட்டியாக இருந்தால் குப்பை அணை மாதிரி நின்று தண்ணீர் தெருவுக்குள் ஏறும்.

பூ விடுவதற்கு முன் எடுக்கணும், சேற்றில் விழுந்த விதை பல வருடம் முளைக்கும். களைக்கொல்லி அடிக்கிற யோசனை யாராவது சொன்னால் சம்மதிக்காதீங்க. மொத்தமாகச் செத்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து, விடிகாலையில் மீன் செத்து மிதக்கும்.

தாழைக்கோழி:
வடகரை முழுக்க மரம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருப்பதிலேயே மதிப்பான இடம் அந்த மண்கரைதான். செங்குத்தாக ஒன்றரை மீட்டர் மண்சுவர் எங்காவது இருந்தால் தொடவே வேண்டாம். மீன்கொத்தி அதில்தான் வளை தோண்டும், கல் பதித்த கரையில் அதுக்கு வழியில்லை. ஊர்க்காரர்கள் "அரிச்சுப் போச்சு, சரி பண்ணுங்க" என்பார்கள், வளையைக் காட்டிப் பேசுங்க.

நிஜமாகவே அரிக்கிற இடத்தை மட்டும் 1:2 சரிவாகச் (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் கிடை) சீவி, 700 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 700 கிராம்) தென்னைநார் விரிப்பு போடலாம். மேல் விளிம்பை 30 செ.மீ. பள்ளத்தில் புதைத்து, மீட்டருக்கு ஒரு மூங்கில் முளை அடியுங்க. இரண்டு விரிப்பு சேருமிடத்தில் 15 செ.மீ. ஏறணும், ஓட்டத்தின் மேல்பக்கத்து விரிப்பு மேலே. மண்கட்டியையும் கல்லையும் அகற்றாமல் விரித்தால் அடியில் இடைவெளி விழும். தண்ணீர் அதற்குள் புகுந்து விரிப்பு அப்படியே நிற்க, மண் மட்டும் போய்விடும். விரிப்பைக் கிழித்து வெட்டிவேர், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில். இரண்டு மூன்று வருடத்தில் நார் மட்கும், அதற்குள் வேர் பிடித்திருக்கணும்.

மரம் கரையின் மேல்தளத்தில், கொத்துக் கொத்தாகப் போதும்: நீர்மருது, நாவல், புங்கன், இடையில் நொச்சி. மதகு, கல்கட்டு பக்கத்தில் எதுவும் வேண்டாம், வேர் கட்டுமானத்தைப் பிளக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கு இருந்தால் வேரோடு பிடுங்குங்க, வெட்டிப் போட்ட தண்டு ஈரத்தில் கிடந்தாலே துளிர்க்கும்.

சம்புக்கோரையை ஒரே சீராக வழிக்கிற பழக்கம் நம்ம ஊரில் அதிகம். பார்க்கச் சுத்தமாக இருக்கும், தாழைக்கோழி கூடு வைக்க இடமிருக்காது. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும், கோடையில், கூடு இருக்கா என்று பார்த்த பிறகு.

குளத்துமேடு:
கம்பூசியா கூடாது. அது அமெரிக்க மீன், தவளை முட்டையையும் நாட்டு மீன் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். கொசு வருவது ஓடுகிற தண்ணீரில் இல்லை, தாமரைக்கு இடையில் தேங்கிய இடத்தில். அதை எடுத்தாலே பாதி குறையும்.

மிதக்கும் தீவு வாய்க்காலில் வேண்டாம், முதல் வெள்ளத்தில் பாலத்தில் போய் அடைக்கும். குளத்தில் விடுங்க. 2 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டத்துக்கு 110 மி.மீ. குழாய் 6 மீட்டர் சரியாக ஆகும். குழாயின் எடை போக மீட்டருக்கு 8 கிலோதான் தாங்கும், மொத்தம் 48. செடிக்கு அடியில் போடுகிற நார் நனைந்து, நட்ட கல்வாழையும் வளர்ந்தால் மூழ்கும், அதனால் குறுக்கே இன்னும் இரண்டு ஒரு மீட்டர் குழாய். நாலு மூலையும் எல்போ போட்டு ஒரே குழாயாக இணைத்தால் ஒரு கசிவு மொத்தத்தையும் இழுத்துவிடும். ஒவ்வொரு துண்டையும் தனியாக மூடிக் கட்டுங்க.

வாய்க்கால்கரை:
நன்றிங்க. விளக்கு பற்றி யாரும் சொல்லலையே? மாலையில் நடக்கிற பெண்கள் இருட்டு என்று வரத் தயங்குகிறார்கள்.

தாழைக்கோழி:
அது நியாயம், போடுங்க. தென்கரையில் மட்டும், இடுப்பு உயரக் கம்பம், மேல்பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் மறைத்த கூடு, 2,700 கெல்வினோ அதற்குக் கீழோ மஞ்சள் ஒளி. உயரமான வெள்ளை எல்இடி ஈசலையும் பூச்சியையும் தண்ணீர்மேலிருந்து இழுத்துக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் அணைகிற டைமர் வைத்தால் வடகரை இருட்டாகவே இருக்கும். நடைபாதையிலிருந்து இறங்க ஒரே ஒரு படித்துறை போதும். மற்ற இடத்தில் கல்சரிவில் 50 மீட்டருக்கு ஒன்றாகச் சொரசொரப்பான சாய்தளம் விடுங்க, விழுந்த நாய்க்குட்டியும் ஆமையும் ஏறி வரும்.

மதகடி:
ஒன்று விட்டுப்போச்சு. கம்பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாமல் யாரையும் இறக்காதீங்க. காலில் வெட்டுக்காயம் இருப்பவர் கரை வேலைக்கு, எலிக்காய்ச்சல் அதன் வழியாக வரும். வடிய விட்ட தாமரைக் குவியலைக் கையால் புரட்டாமல் கவைக்கோலால் புரட்டுங்க, அடியில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும்.