ஆம்னிக்கு கேஸ் கிட் போடணும், வால்வு தாங்குமா?

காய்கறி வண்டி:
வணக்கம் அண்ணா. என்கிட்ட 2009 ஆம்னி, பெட்ரோல். ஒட்டன்சத்திரம் சந்தையில லோடு ஏத்தி பழனி, உடுமலைன்னு தினமும் ஓட்டம். பெட்ரோல் கட்டுபடியாகலை, எல்பிஜி கிட் போடலாம்னு இருக்கேன். வால்வு போயிடும்னு ஸ்டாண்டுல பயமுறுத்துறாங்க. ஆயில் சொட்டு விடுற பாட்டில் மாட்டினா போதும்னு கிட் கடையில சொல்றாங்க. நம்பலாமா?

பட்டறை அண்ணன்:
தம்பி, பாட்டில் தேய்மானத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடும், அவ்வளவுதான். வால்வைக் காப்பாத்துறது டேப்பட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அழுத்துற டேப்பட்டுக்கும் நடுவுல விடுற சின்ன இடைவெளி.

கேஸ் காஞ்ச எரிபொருள். புகையை வெளியே விடுற எக்ஸாஸ்ட் வால்வு மோதி மோதி, அது உட்கார்ற வளையமான சீட் தேயும், வால்வு ஹெட்டுக்குள்ள (இன்ஜினோட மேல் பகுதி) மேலே ஏறும், அதனால கேப் குறைஞ்சுக்கிட்டே வரும். கேப் சுத்தமா போயிட்டா வால்வு முழுசா மூடாது. வால்வுல ஏறுற சூடு பெரும்பாலும் சீட் வழியாத்தான் ஹெட்டுக்கு இறங்கணும். ஒட்டி உட்காரலைன்னா ஓரம் கருகிடும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) போயிடும். காலையில ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஐடிலிங்ல ஆடும்.

டேப்பட் சத்தம் வந்தா எல்லாரும் ஓடி வர்றாங்க. கேஸ் வண்டியில சத்தம் அடங்கினாத்தான் பயப்படணும்! 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, இன்ஜின் ஆறினதும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு) விட்டு கேப்பைப் பார்க்கச் சொல்லுங்க. ஆம்னியில ஸ்க்ரூ திருப்பி செட் பண்ற டேப்பட்தான், பெரிய செலவில்லை.

இன்னொண்ணு, மைலேஜுக்காக கேஸைக் குறைச்சு வைக்கவே வைக்காதீங்க. லோடோட மேடு ஏறும்போது சூடு எகிறும். பிளக்கைக் கழட்டிப் பாருங்க, முனை வெள்ளை வெளேர்னு இருந்தா கேஸ் பத்தலையோன்னு சந்தேகப்படணும். முடிஞ்சா ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா அளந்து கேஸ் விடுற சீக்வென்ஷியல் கிட்டே போடுங்க. ஹெட்டை எப்பவாவது கழட்ட வேண்டி வந்தா கேஸுக்குத் தாங்கற கடினமான சீட் போட்டுடுங்க. ஆர்.சி.யில கேஸ் ஏத்த மறந்துடாதீங்க.

உடுமலை டிரைவர்:
அண்ணா, பெட்ரோல் டேங்க்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தா வால்வுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே? என் கார்ல ஹைட்ராலிக் டேப்பட் வேற, கேப் பார்க்கவே முடியாது.

பட்டறை அண்ணன்:
கேஸ்ல ஓடும்போது டேங்க்ல இருக்கிற ஆயில் இன்ஜினுக்கு எப்படிப் போகும் தம்பி? வேண்டாம். ஹைட்ராலிக் டேப்பட் தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கும், அதோட எல்லை வரைக்கும் வெளியே ஒண்ணுமே தெரியாது. சர்வீஸ் விடும்போதெல்லாம் கம்ப்ரஷன் எடுத்து எழுதி வையுங்க. ஒரு சிலிண்டர் மட்டும் இறங்க ஆரம்பிச்சா தள்ளிப் போடாம ஹெட்டைக் கழட்டுங்க.

காய்கறி வண்டி:
நன்றி அண்ணா. கிட் போடுறதுக்கு முன்னாடியே கேப் செட் பண்ணி, கம்ப்ரஷனும் எடுத்துடறேன்.